நடவாத வாக்கெடுப்பு

பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். வீட்டிலே பேசுவது தெலுங்கு, கடைத்தெருவிலே கன்னடம், ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து தங்கும் நம்மவர்களோடு பழகிப் பழகித் தமிழும் தடையின்றி வருகிறது. ஒரு நாள் மாலை, சொத்து வரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். பேச்சு ஊரைப் பற்றித் திரும்பிற்று.

"இந்த ஊருக்குத் தனியாக ஒரு நகரசபை இருந்தது தம்பி. 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள்."

"சேரச் சம்மதமா என்று உங்களைக் கேட்டார்களா, ஐயா?"

"யாரப்பா கேட்டார்கள்? பேப்பரில் போட்டிருந்தது. படித்துத் தெரிந்துகொண்டோம்."

நான் சிரித்துவிட்டேன். என்னோடு அறையில் தங்கியிருக்கும் இளைய மாணவன் சிரிக்கவில்லை. அவன் தமிழ்நாட்டிலுள்ள ஓர் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவன் தாயார் 1990-இல் திருகோணமலையிலிருந்து படகேறி வந்து மண்டபத்தில் இறங்கியவர். மாடிப்படி ஏறும்போது அவன் சொன்னான்: "அதே 2007-ஆம் வருசம் முதல் தேதிதான் அண்ணா, எங்கள் பக்கம் வடக்கும் கிழக்கும் பிரிந்தது. அங்கேயும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் கேட்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்."

அந்தக் கையெழுத்தின் வரலாற்றை நம் சங்கத்து நண்பர்களிற் பலர் அறியமாட்டார்கள். சட்டம் படிக்கிற நானே அதை அரைகுறையாகத்தான் அறிந்திருந்தேன். "ஒரு வாக்கெடுப்பு நடத்திவிட்டால் தீர்ந்தது" என்று நாம் தேநீர்க் கடையில் எளிதாகப் பேசிவிடுகிறோம். அது எப்போது நடக்கிறது, எப்போது நடப்பதில்லை, உலக நாடுகளின் ஆதரவு என்பது உண்மையில் எதைக் குறிக்கிறது என்பவற்றை அவனுக்காகவும் எனக்காகவும் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தேர்தல் வேறு, வாக்கெடுப்பு வேறு

தேர்தலில் நாம் ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கிறோம். பொதுஜன வாக்கெடுப்பிலோ எந்த ஆட்சியின் கீழ் வாழ்வது என்பதையே மக்கள் தீர்மானிக்கிறார்கள். முன்னது ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பின்னது பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான் வரும். ஆகவே அதிலே பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்வது அரிது.

மக்களினங்களின் சுயநிர்ணய உரிமை 1945-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1960 டிசம்பர் 14-இல் குடியேற்ற நாடுகளின் விடுதலை பற்றிய பிரகடனத்தைப் பொதுச்சபை நிறைவேற்றியது. ஆதரவாக 89 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து ஒரு நாடும் இல்லை. 9 நாடுகள் ஒதுங்கி நின்றன. எல்லா மக்களினங்களுக்கும் தம் அரசியல் நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. ஆயின் அதே பிரகடனத்தின் ஆறாவது பத்தி, ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டைக் குலைக்கும் முயற்சி சாசனத்துக்கு ஒவ்வாதது என்றும் கூறுகிறது.

இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையில்தான் உலகத்துச் சிக்கல்கள் பலவும் கிடக்கின்றன. கடல் கடந்து வந்த ஒருவனின் குடியேற்ற நாடாக இருந்த மக்களுக்கு வழி திறந்திருக்கிறது. விடுதலை பெற்ற ஒரு நாட்டுக்குள்ளேயே வாழும் ஓர் இனம் பிரிந்துபோக விரும்பினால், அதற்கென்று போடப்பட்ட பாதை எதுவும் இல்லை. 2010-இல் கொசோவோ பற்றிக் கருத்துச் சொன்ன சர்வதேச நீதிமன்றமும், கொசோவோ செய்த விடுதலைப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்றதே ஒழிய, பிரிந்துபோகும் உரிமை பொதுவாக உண்டா என்னும் கேள்விக்கு விடை கூறவில்லை.

எனவே நடைமுறையில் எஞ்சுவது என்ன? அந்நாட்டு அரசு தானே இசைய வேண்டும். இல்லையேல் அதை இசையச் செய்யும் வலிமையுள்ளவர்கள் முன்வர வேண்டும்.

கீழூரில் நடந்தது

நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றை முதலில் பார்ப்போம். புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூர் ஒரு சிறு கிராமம். 1954 அக்டோபர் 18-ஆம் நாள் அங்கே பிரெஞ்சிந்தியப் பிரதிநிதித்துவ சபையினரும் நகரசபை உறுப்பினர்களும் கூடினர். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைவதற்கு 170 பேர் வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாள் கழித்து இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது.

ஏன் வாக்கெடுப்பு வேண்டியிருந்தது? மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் பிறருக்குக் கொடுத்தல் செல்லாது என்று 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு கூறியது. 1948 ஜூனில், மக்களின் விருப்பத்தை அறிந்தே முடிவு செய்வது என்று இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. 1949 ஜூன் 19-இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்கு 7,473 வாக்குகள், எதிராக 114. புதுச்சேரிக்கு வந்தபோது வீடு வீடாக வாக்குச் சீட்டு கொடுக்கவில்லை. மக்களின் பிரதிநிதிகள் வாக்கே மக்களின் வாக்காகக் கொள்ளப்பட்டது.

இது முழுமையான வாக்கெடுப்பாகுமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். கேள்வி நியாயமானதே. எனினும் அந்த முடிவு நிலைத்தது. எப்படி நிலைத்தது? யார் வாக்களிப்பது என்பதில் இரு அரசுகளும் முன்னமே ஒத்துப்போயின. எண்ணிக்கையை எவரும் மறுக்கவில்லை. முடிவு எதுவாயினும் மதிப்போம் என்றவர்கள் சொன்னபடி நடந்தார்கள். அதிலும் காலதாமதம் இருந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல்தான் ஏற்றது. ஆகஸ்ட் 16-இல் அது முறைப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கும் அவ்வொப்பந்தத்தில் இடம் இருந்தது. தோற்ற பக்கத்தாரும் வாழ வேண்டியவர்களே என்பதை அது மறக்கவில்லை.

வாக்களிப்பவர் யார், எண்ணுகிறவர் யார், முடிவைக் காப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளை இனி வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கேட்டுப் பாருங்கள்.

கிழக்கு மாகாணத்தில் நடவாதது

1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 18 இடங்களில் வென்று இலங்கை நாடாளுமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. தமிழ் மக்கள் இதன்வழித் தம் கருத்தைச் சொல்லிவிட்டனர் என்று கூட்டணி கூறியது. அரசு அதை ஒரு தேர்தல் என்றே கொண்டது. 1983 ஜூலைக் கலவரத்தின் பின், ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் வந்தது. நாட்டுக்குள் தனியரசு கோருவதே குற்றமாயிற்று.

இந்நிலையில் 1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்றுக் காலமாக வாழ்ந்துவரும் பகுதிகள் என்று அது ஏற்றது. இரு மாகாணங்களும் தற்காலிகமாக ஒரே நிர்வாகமாக இணையும் என்றது. இணைப்பு தொடர்வதா, கிழக்கு தனி மாகாணமாவதா என்பதைக் கிழக்கு மாகாண மக்களே ஒரு வாக்கெடுப்பில் முடிவு செய்வர் என்றும், அது 1988 டிசம்பர் 31-க்குள் நடைபெறும் என்றும் எழுதப்பட்டது. சாதாரணப் பெரும்பான்மை போதும். தலைமை நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அதனைக் கண்காணிக்கும்.

இது தனிநாடு பற்றிய வாக்கெடுப்பன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே இலங்கைக்குள் ஒரு மாகாண எல்லையைப் பற்றியது. இருந்தும், ஈழத்தமிழர் வாழும் மண்ணின் அமைப்பைப் பற்றி அம்மண்ணின் மக்களையே கேட்பதாக இரு நாடுகள் எழுதிக் கொடுத்த ஏற்பாடு இதுவே. எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர் அண்டை நாட்டுப் பெரும் அரசு. அதன் படைகளும் அங்கே இருந்தன.

பின் ஏன் நடக்கவில்லை?

வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு அதே ஒப்பந்தத்தின் ஒரு வரி அளித்திருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. 1988 செப்டம்பரில் மாகாணங்கள் இணைக்கப்பட்டன. நவம்பரில் மாகாண சபைத் தேர்தலும் நடந்தது. வாக்கெடுப்பு மட்டும் தள்ளிப்போயிற்று. பின்னர் ஆண்டுதோறும் தள்ளிப்போயிற்று. குடியரசுத் தலைவர்கள் மாறினர், தள்ளிவைப்பு மாறவில்லை.

பழியை ஒரு வரியின் மீது மட்டும் போட்டுவிட இயலாது. ஒப்பந்தத்தைப் புலிகள் ஏற்கவில்லை. 1987 அக்டோபரிலேயே இந்தியப் படையோடு போர் மூண்டது. தெற்கே ஜனதா விமுக்தி பெரமுனை அதே ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்தியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டனர். 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரனும் கப்பலேறிய பின், வாக்குறுதியைக் காக்க அங்கே எவரும் இல்லை. அதே ஆண்டு மாகாண சபையும் கலைக்கப்பட்டது.

மற்றொரு உண்மையும் உண்டு. அதை நாம் பேச விரும்புவதில்லை. 1981 கணக்கெடுப்பின்படி கிழக்கு மாகாணத்தில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் தமிழர், 32 பேர் முஸ்லிம்கள், 25 பேர் சிங்களவர். 1946-இல் சிங்களவர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கல்லோயா போன்ற அரசுக் குடியேற்றத் திட்டங்கள் இந்த மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டவை என்பது தமிழர் தரப்பின் நெடுநாளைய முறையீடு. அதற்கு ஆதாரமும் உண்டு. ஆனால் வாக்கெடுப்பு நடந்திருந்தால் வெற்றியைத் தீர்மானித்திருப்போர் தமிழையே தாய்மொழியாகப் பேசும் முஸ்லிம்கள். அவர்களின் மனத்தை வெல்ல வேண்டிய காலத்தில் நடந்தது என்ன? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். 'மக்கள் தீர்ப்பு' என்று நாம் சொல்லும்போது அந்த மக்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்தோமா?

இறுதியில் 2006 அக்டோபர் 16-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 1988-ஆம் ஆண்டின் இணைப்பு ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் நாள் இரண்டும் தனித்தனி மாகாணங்களாயின. ஏறத்தாழ 18 ஆண்டுகள் காத்திருந்த வாக்கெடுப்புக்கு அத்தோடு வேலையில்லாமற் போயிற்று.

உலகம் காத்ததும் கைவிட்டதும்

உலகத்தின் ஆதரவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிழக்குத் திமோர் சான்று. 1975-இல் இந்தோனேசியா அதனைக் கைப்பற்றியது. ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்கவேயில்லை. பழைய ஆட்சியாளரான போர்த்துக்கலையே பொறுப்பாளராகக் கருதிற்று. 1999 மே 5-இல் இரு நாடுகளும் உடன்பட்டன. ஆகஸ்ட் 30-இல் ஐ.நா. அதிகாரிகளே நடத்திய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 98-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், அவர்களில் 78.5 சதவீதத்தினர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்பதை மறுத்தனர். முடிவு வெளியானதும் ஆயுதக் கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தின. அவ்வாண்டு வன்செயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செப்டம்பர் 20-இல் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை வந்திறங்கிய பிறகே தீ அணைந்தது. 2002 மே 20-இல் நாடு விடுதலை பெற்றது. வாக்குச் சீட்டைப் போட நான்கு மாதத்துக்குள் ஏற்பாடு செய்த உலகம், வாக்களித்தவனைக் காக்க மூன்று வாரம் தாமதித்தது.

தெற்குச் சூடானில் வேறு விதம். 2005 உடன்படிக்கையில் ஆறாண்டு கழித்து வாக்கெடுப்பு என்று எழுதினார்கள். 2011 ஜனவரியில் அது நடந்தது. நூற்றுக்கு 98-க்கும் மேற்பட்ட வாக்குகள் பிரிவினைக்கு விழுந்தன. ஜூலையில் நாடு பிறந்தது. 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போரும் பிறந்தது. நாட்டைப் பிறப்பிக்க வாக்குச் சீட்டால் முடிந்தது; அமைதியைக் கொடுக்க அதனால் முடியவில்லை.

மேற்குச் சகாராவின் கதை நம் கிழக்கு மாகாணத்தை நினைவூட்டும். 1991 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே ஒரு தூதுக்குழுவை அமைத்தது. 1992 ஜனவரியில் வாக்கெடுப்பு என்று நாளும் குறித்தார்கள். யார் வாக்காளர் என்பதில் மொராக்கோவும் போலிசாரியோ இயக்கமும் ஒத்துப்போகவில்லை. பட்டியல் சண்டையிலேயே ஆண்டுகள் கழிந்தன. 2025 அக்டோபரில் அதே பாதுகாப்புச் சபை, மொராக்கோ முன்வைத்த தன்னாட்சித் திட்டத்தையே பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாகக் கொண்டு தீர்மானம் இயற்றிற்று. பெயரிலேயே 'வாக்கெடுப்பு' என்ற சொல்லைத் தாங்கிய அந்தத் தூதுக்குழு ஒரு வாக்குப் பெட்டியையும் திறந்ததில்லை.

நம் தீர்மானங்கள்

2009 மேயில் இலங்கைப் போர் முடிந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் நார்வே, பிரான்ஸ், கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் வாழும் ஈழத்தமிழர்கள் தாமே வாக்கெடுப்புகள் நடத்தித் தனியரசுக்குப் பேராதரவு தெரிவித்தனர். எந்த நாட்டு அரசும் அம்முடிவைச் செயற்படுத்த முன்வரவில்லை. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் உண்ணாநோன்பிருந்தனர். அந்தக் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. மார்ச் 27-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் தனி ஈழம் குறித்து வாக்கெடுப்பு நடத்தப் பாதுகாப்புச் சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

அதற்கு ஆறு நாள் முன்புதான் ஜெனீவாவில் மனித உரிமைகள் மன்றம் இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது: ஆதரவு 25, எதிர்ப்பு 13, ஒதுங்கியோர் 8. இந்தியா ஆதரித்தது. அத்தீர்மானம் கேட்டது நம்பத்தக்க விசாரணையை, வாக்கெடுப்பை அன்று. அடுத்த ஆண்டுத் தீர்மானத்தில் இந்தியா ஒதுங்கி நின்றது. பாதுகாப்புச் சபையில் அத்தகைய வாக்கெடுப்புத் தீர்மானம் இதுவரை நிறைவேறியதில்லை.

இதனால் சட்டமன்றத் தீர்மானம் வீண் என்று நான் சொல்லவில்லை. திமோர் மக்களின் குரலையும் இருபது ஆண்டுக்கு மேல் உலகம் காதிற்போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் வெளியுறவு மத்திய அரசின் கையில். பாதுகாப்புச் சபையின் தடுப்பு வாக்கு ஐந்து நாடுகளின் கையில். இவற்றை அறியாமல் எழுப்பும் முழக்கம் நமக்கு மனநிறைவு தரலாம். அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தராது. நாளை ஒரு வாக்கெடுப்பு வருமாயின் அதன் பட்டியலில் அகதி முகாமில் இருப்பவர் உண்டா, விரட்டப்பட்ட முஸ்லிம் உண்டா, குடியேறிய சிங்களவர் உண்டா என்று கேட்பதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். தள்ளிவைக்க இடந்தரும் வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கவும் பழக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஓரிரவு என் அறைத்தோழனிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "அண்ணா, அந்தக் கிழக்கு மாகாண வாக்கெடுப்பு நடந்திருந்தால் எங்கள் அம்மாவுக்கு அதிலே ஓட்டு இருந்திருக்குமா?"

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இன வன்முறையாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயர்ந்த எல்லோரும் அவ்வாக்கெடுப்பில் வாக்களிக்கலாம். அவர்கள் ஊர் திரும்புவதற்கான நிலைமையும் உண்டாக்கப்படும் என்று அதிலே தெளிவாக எழுதியிருக்கிறது.

"இருந்திருக்கும்" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்துத் தாயாரை அழைத்தான். "அம்மா, உங்களுக்கு ஒரு ஓட்டு இருந்ததாம்" என்று சொன்னான். மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவனுக்கு இப்போது வயது இருபத்திரண்டு. இதுவரை எந்த நாட்டிலும் அவன் ஓட்டுப் போட்டதில்லை.